உழைத்தவருக்கு வசிப்புரிமை: அமெரிக்காவின் டிக்னிட்டி சட்ட முன்வரைவை முன்வைத்து ஒரு விவாதம்

வைகைக்கரை எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். 2025 ஜூலையில் அமெரிக்கப் பிரதிநிதிகள் அவையில் அறிமுகமான டிக்னிட்டி சட்ட முன்வரைவைப் பற்றி நம் தளத்தில் அங்கொன்றும் இங்கொன்றுமாகப் பேச்சு எழுகிறது. பொது மன்னிப்பு வேண்டுமா வேண்டாமா என்ற கேள்வியோடு அது பெரும்பாலும் நின்றுவிடுகிறது. முன்வரைவில் இருப்பது அதைவிடச் சிக்கலானது என்பதால் இந்த இழையைத் தொடங்குகிறேன்.

மயாமியைச் சேர்ந்த குடியரசுக் கட்சி உறுப்பினர் மரியா எல்விரா சலாசரும், எல் பாசோவைச் சேர்ந்த ஜனநாயகக் கட்சி உறுப்பினர் வெரோனிகா எஸ்கோபாரும் சேர்ந்து இதைக் கொண்டுவந்தார்கள். 2020 இறுதிக்கு முன்பிருந்தே தொடர்ந்து அமெரிக்காவில் வசித்துவரும் ஆவணமற்றோர் (உரிய குடியேற்ற அனுமதி இல்லாதவர்கள்), குற்றப் பின்னணிச் சோதனையில் தேறி, நிலுவை வரியைக் கட்டி, ஏழு ஆண்டுகளில் மொத்தம் 7,000 டாலர் ஈட்டுத்தொகை செலுத்தினால், நாடு கடத்தப்படும் அச்சமின்றி வேலை செய்யலாம். அந்தக் காலத்தில் அவர்களுடைய சம்பளத்திலிருந்து ஒரு விழுக்காடு தனியாகப் பிடிக்கப்படும்; வறியவர்களுக்கான மத்திய அரசு உதவிகள் எவையும் அவர்களுக்குக் கிடைக்காது. ஏழு ஆண்டுகள் முடிந்தபின் அந்த நிலையைப் புதுப்பித்துக்கொண்டே போகலாம். ஆனால் அதன் வழியாகக் குடியுரிமைக்குப் போக முடியாது. இத்துடன், நாடு முழுவதும் எல்லா முதலாளிகளும் பணியாளரின் வேலைத் தகுதியை ஈ-வெரிஃபை என்ற அரசின் இணைய முறையில் சரிபார்க்க வேண்டும் என்பதும் முன்வரைவில் உள்ளது. இது இன்னும் சட்டமாகவில்லை.

நான் கலிஃபோர்னியாவில், ஃபிரெஸ்னோ நகரில் வசிக்கிறேன். வரி தாக்கல் காலத்தில் இலவச உதவி மையமொன்றில் தன்னார்வலராக உட்காருவது என் வழக்கம். சான் வாக்கீன் பள்ளத்தாக்கின் திராட்சைத் தோட்டங்களிலும் பாதாம் தோப்புகளிலும் வேலை செய்பவர்கள் அங்கே வருவார்கள். சோஷியல் செக்யூரிட்டி என்ற அரசு ஓய்வூதியத் திட்டத்தின் எண்ணைப் பெற முடியாதவர்கள் வரி கட்டுவதற்கென்று 1996இல் ஏற்படுத்தப்பட்ட ஐடிஐஎன் எண்ணைக் கொண்டு அவர்களில் பலர் ஆண்டுதோறும் கணக்குத் தாக்கல் செய்கிறார்கள். பழைய தாக்கல் நகல்களைப் பிளாஸ்டிக் உறைகளில் அடுக்கிப் பாதுகாக்கிறார்கள். என்றாவது ஒரு சட்டம் வரும், அப்போது 'நீ இங்கே என்ன செய்துகொண்டிருந்தாய்' என்று அரசு கேட்கும், அன்றைக்கு இதைக் காட்டலாம் என்பதே அவர்களுடைய நம்பிக்கை. ஐடெப் என்ற வரிக்கொள்கை ஆய்வு நிறுவனத்தின் கணிப்பின்படி, ஆவணமற்றோர் 2022இல் மட்டும் 9,670 கோடி டாலர் வரி கட்டியிருக்கிறார்கள். அதில் 2,570 கோடி டாலர், அவர்கள் ஒருநாளும் பெற முடியாத சோஷியல் செக்யூரிட்டி ஓய்வூதியத்துக்காகப் போனது.

ஆகவே, உழைப்பையும் வரியையும் வசிப்புரிமைக்கு அடிப்படையாகக் கொள்ளும் சட்டத்தை நான் ஆதரிக்கிறேன். ஆனால் இரண்டு நிபந்தனைகள் இல்லாமல் அப்படிப்பட்ட சட்டம் உழைப்பவருக்கே தளையாகிவிடும் என்றும் கருதுகிறேன். உழைத்ததற்கான சான்று முதலாளியின் கையில் இருக்கக் கூடாது என்பது முதலாவது. அந்தப் பாதைக்கு ஒரு முடிவு இருக்க வேண்டும், அதாவது இத்தனை ஆண்டுகள் உழைத்தபின் இனி உன்னை யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள் என்ற உறுதி கிடைக்க வேண்டும் என்பது இரண்டாவது. டிக்னிட்டி முன்வரைவு இரண்டாவதை அறவே கைவிட்டுவிட்டது. முதலாவதைப் பற்றி உங்கள் கருத்துகளைக் கேட்ட பிறகு விரிவாக எழுதுகிறேன்.

கடலூரான் எழுதியது:

வைகைக்கரை ஐயாவின் பதிவில் உள்ள அக்கறையை மதிக்கிறேன். இருந்தாலும் எச்-1பி என்ற, நிறுவனம் வழியாகப் பெறும் தற்காலிக வேலை விசாவில் நியூஜெர்சியில் வாழும் ஒருவனாக என் மனத்தில் உள்ளதை மறைக்காமல் எழுதுகிறேன்.

உழைப்பும் பங்களிப்பும்தான் அளவுகோல் என்றால், எங்களைப் போன்றவர்கள் அந்த அளவுகோலுக்கு எந்த வகையில் குறைந்தவர்கள்? வேலைவாய்ப்பு அடிப்படையிலான கிரீன் கார்டுகள், அதாவது நிரந்தர வசிப்புரிமை அட்டைகள், ஆண்டுக்கு ஏறத்தாழ 1,40,000 மட்டுமே; அதில் மனைவி, பிள்ளைகளும் அடக்கம். எந்த ஒரு நாட்டில் பிறந்தவர்களுக்கும் அதில் 7 விழுக்காட்டுக்கு மேல் கிடையாது என்ற பொது வரம்பினால், இந்தியாவில் பிறந்தவர்கள் 2013இல் போட்ட மனுக்களுக்குத்தான் 2025இல் முறை வந்துகொண்டிருந்தது. என் மனு அதற்குப் பிந்தையது. எல்லாச் சட்டங்களையும் பின்பற்றி, வருமான வரியும் சோஷியல் செக்யூரிட்டியும் தவறாமல் கட்டி, வேலை போனால் 60 நாளுக்குள் வேறு வேலை தேடிக்கொள்ள வேண்டும் அல்லது மூட்டை கட்ட வேண்டும் என்ற நிலையில் இருக்கிறோம். சோஷியல் செக்யூரிட்டி ஓய்வூதியம் பெற 40 காலாண்டுகள், அதாவது குறைந்தது பத்து ஆண்டுகள் பணம் கட்டியிருக்க வேண்டும். இந்தியாவுக்கும் அமெரிக்காவுக்கும் இடையே இது குறித்து உடன்படிக்கை எதுவும் இல்லாததால், எட்டாண்டு உழைத்துவிட்டு ஊர் திரும்புகிறவனுக்குத் தான் கட்டியதில் ஒரு காசும் திரும்பி வராது. பங்களித்துவிட்டுப் பயன்பெறாதவர்கள் ஆவணமற்றோர் மட்டுமல்லர்.

வரிசையில் நிற்பவனை நிற்கவைத்துவிட்டு, வரிசைக்கே வராதவரை முதலில் உள்ளே அழைப்பது எப்படி நியாயமாகும்? தோட்டத் தொழிலாளரின் மீது எனக்கு எந்த வெறுப்பும் இல்லை. சட்டத்தை மதித்ததற்கு என்ன மதிப்பு என்று வளர்ந்துவரும் என் மகள் கேட்டால் சொல்வதற்கு எனக்கு ஒரு பதில் வேண்டும், அவ்வளவுதான்.

தில்லைச்செல்வி எழுதியது:

இருவரும் உழைப்பு, பங்களிப்பு என்று எழுதும்போது மாதச் சம்பளம் வாங்கும் வேலையை மட்டுமே கருதுகிறீர்கள் என்று தோன்றுகிறது.

எச்-1பி ஊழியரின் துணைக்குத் தரப்படும் எச்-4 விசாவில் கணவரோடு வந்த பெண்களில் ஒருத்தி நான். 2015 மே மாதத்துக்கு முன்பு இந்த விசாவில் இருந்த எவருக்கும் வேலை செய்ய அனுமதியே இல்லை. அதற்குப் பிறகும், கணவருடைய குடியேற்ற மனு ஒரு குறிப்பிட்ட கட்டத்தைத் தாண்டியிருந்தால்தான் அனுமதி கிடைக்கிறது. சென்னையில் ஆசிரியராக இருந்த நான் இங்கே வந்து ஆண்டுக்கணக்கில் சம்பளம் இல்லாத வேலைகளைத்தான் செய்தேன்: குழந்தைகளை வளர்த்தேன், மாமியாரின் நீண்ட நோயில் உடனிருந்தேன், பக்கத்துக் குடும்பங்களின் பிள்ளைகளுக்கு மாலையில் கணக்குச் சொல்லிக்கொடுத்தேன். இவற்றில் எதற்கும் சம்பளச் சீட்டு கிடையாது. எச்-4 பெண்களின் நிலையே இப்படி என்றால், ஃபிரெஸ்னோவில் திராட்சை பறிப்பவரின் வீட்டில், அவர் விடியற்காலை நான்கு மணிக்குப் போனபின் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் பெண்ணின் பெயர் எந்தத் தாளில் இருக்கும்?

2013இல் செனட்டில் நிறைவேறிய 744ஆம் எண் குடியேற்றச் சீர்திருத்த முன்வரைவு இதைச் சிறிதளவாவது கவனித்தது. ஆவணமற்றோர் தங்கள் தற்காலிக அனுமதியைப் புதுப்பிக்கும் சமயத்தில் தொடர்ந்து வேலையில் இருந்ததைக் காட்ட வேண்டும் என்று கேட்டாலும், படிப்பவர்கள், உடல் இயலாதோர், குடும்பத்தாரைப் பராமரிப்பதே முழுப்பொறுப்பாக உள்ளவர்கள் ஆகியோருக்கு அதில் விலக்கு இருந்தது. ஆனால் அதை விலக்கு என்று வைத்ததே எனக்கு ஏற்புடையதாக இல்லை. பராமரிப்பைப் பங்களிப்பு என்றே சட்டம் எழுத வேண்டும். கருணையால் கழித்துவிடும் கணக்காக அது இருக்கக் கூடாது.

வைகைக்கரை எழுதியது:

சகோதரி தில்லைச்செல்வி சொல்வது முற்றிலும் சரி. என் முதல் நிபந்தனையோடு அதைச் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்பதே என் கருத்து. சம்பளச் சீட்டை மட்டும் சான்றாகக் கேட்கும் சட்டம் வீட்டுக்குள் இருக்கும் பெண்களை விட்டுவிட்டு ஆண்களை மட்டும் மீட்கும்.

கடலூரான் அவர்களின் வரிசை பற்றிய கேள்விக்கு வருகிறேன். தோட்டத் தொழிலாளர் எந்த வரிசையில் நின்றிருக்க வேண்டும் என்பதைச் சட்டத்தைப் புரட்டித்தான் பார்க்க வேண்டும். சிறப்புத் தேர்ச்சி தேவைப்படாத வேலைகளுக்கு நிரந்தர வசிப்புரிமை ஆண்டுக்கு 10,000க்கு மேல் கொடுக்கக் கூடாது என்று சட்டமே வரம்பு வைத்திருக்கிறது, அதுவும் உலகத்துக்கே சேர்த்து. பருவகால வேலைக்கான எச்-2ஏ விசா இருக்கிறது. 2005இல் 48,000 அளவில் இருந்த அந்த இடங்கள் 2024 நிதியாண்டில் ஏறத்தாழ 3.85 லட்சமாக வளர்ந்துவிட்டன. ஆனால் எத்தனை பருவங்கள் வந்துபோனாலும் அது கிரீன் கார்டுக்கு இட்டுச் செல்வதில்லை. கொண்டுவந்த முதலாளியை விட்டு வேறு தோட்டத்துக்கும் எளிதில் போக முடியாது. ஏற்கெனவே உள்ளே இருப்பவர் முறைப்படி வெளியே போய்த் திரும்பி வரலாம் என்றால், 1996ஆம் ஆண்டுச் சட்டம் குறுக்கே நிற்கிறது. ஓராண்டோ அதற்கு மேலோ உரிமையின்றி இருந்தவர் வெளியேறினால் பத்தாண்டுகள் திரும்ப முடியாது. உங்கள் வரிசை மிக மெதுவாக நகர்கிறது என்பது உண்மை. அவர்களுக்கோ நிற்பதற்கு வரிசையே இல்லை.

இன்னொன்றையும் கவனியுங்கள். இதே டிக்னிட்டி முன்வரைவு, நாட்டுக்கு 7 விழுக்காடு என்ற வரம்பை 15 விழுக்காடாக உயர்த்தச் சொல்கிறது. உங்களையும் அவர்களையும் எதிரெதிராக நிறுத்தாமல் ஒரே முன்வரைவில் வைத்திருப்பது, அதன் மற்ற குறைகளுக்கு நடுவே எனக்குப் பிடித்த அம்சம்.

உங்களுடைய 60 நாள் கெடுவும் திராட்சைத் தோட்டத் தொழிலாளியின் பயமும் ஒரே வேரிலிருந்து வருபவை. இருவருக்கும் இந்த நாட்டில் இருக்கும் உரிமை வேறொருவரின் கையெழுத்தில் தொங்குகிறது. 2000ஆம் ஆண்டில் வந்த சட்டத் திருத்தத்தால்தான், கிரீன் கார்டு விண்ணப்பத்தின் கடைசிக் கட்டம் 180 நாட்களுக்கு மேல் நிலுவையில் இருந்தால் அதே வகையான வேறு வேலைக்கு மாறலாம் என்ற உரிமை உங்களுக்குக் கிடைத்தது. அதற்கு முன்பு நிறுவனம் மாறினால் எல்லாவற்றையும் முதலிலிருந்து தொடங்க வேண்டியிருந்தது. உரிமையின் ஒரு பகுதியாவது முதலாளியிடமிருந்து உழைப்பவரின் கைக்கு மாறியது அப்போதுதான். தோட்டத் தொழிலாளருக்கு நான் கேட்பதும் அதுதான்.

2002இல் உச்ச நீதிமன்றம் ஹாஃப்மன் பிளாஸ்டிக் வழக்கில் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் வழங்கிய தீர்ப்பைப் படித்தால் நான் ஏன் இதை இவ்வளவு வலியுறுத்துகிறேன் என்பது தெரியும். தொழிற்சங்கம் அமைக்க முயன்றதற்காகச் சட்டத்துக்குப் புறம்பாக வேலையிலிருந்து நீக்கப்பட்ட ஒருவருக்கு, அவர் ஆவணமற்றவர் என்ற ஒரே காரணத்தால், இழந்த சம்பளத்தைப் பெறும் உரிமை இல்லை என்று நீதிமன்றம் சொன்னது. தவறு செய்தது நிறுவனம், இழப்பு தொழிலாளிக்கு. வேலையைக் காட்டினால்தான் வசிப்புரிமை என்று மட்டும் எழுதிவிட்டு நிறுத்தினால், இந்த ஏற்றத்தாழ்வைப் புதிய சட்டமும் அப்படியே சுமந்துகொண்டு வரும்.

பொன்னி நாடன் எழுதியது:

நான் இந்த முன்வரைவையும் இதைப்போன்ற எல்லா முன்வரைவுகளையும் எதிர்க்கிறேன். காரணம் 1986.

அந்த ஆண்டு நவம்பரில் அதிபர் ரீகன் கையெழுத்திட்ட சட்டத்தின் கீழ் ஆவணமற்றோர் ஏறத்தாழ 27 லட்சம் பேர் வசிப்புரிமை பெற்றார்கள். அவர்களில் சுமார் 11 லட்சம் பேர் விவசாயத் தொழிலாளர் பிரிவில் வந்தவர்கள். அந்தப் பிரிவு வைகைக்கரை அவர்கள் ஆதரிக்கும் கொள்கையின் அசல் வடிவம்: 1986 மே 1 வரையிலான ஓராண்டில் 90 நாட்கள் வயல்வேலை செய்ததாகக் காட்டினால் போதும். பெரும்பாலானோருக்குக் கையில் காசாகக் கூலி கொடுக்கப்பட்டதால் பதிவேடுகள் இருக்காது என்பதை உணர்ந்து, நியாயமாக ஊகிக்கக்கூடிய அளவுக்குச் சான்று தந்தால் அதைப் பொய்யென்று நிறுவுவது அரசின் பொறுப்பு என்றே சட்டம் எழுதப்பட்டது. விளைவு என்ன? இவர் என் வயலில் வேலை செய்தார் என்ற உறுதிமொழிக் கடிதங்கள் விலைக்கு விற்கப்பட்டன. 1993இல் நியூயார்க் உலக வர்த்தக மையத்தில் குண்டு வைத்ததற்காகத் தண்டிக்கப்பட்டவர்களில் ஒருவர், அந்த நகரில் வாடகைக் கார் ஓட்டியவர், வசிப்புரிமை பெற்றது இந்த விவசாயத் தொழிலாளர் பிரிவின் வழியாகத்தான்.

சட்டத்தின் மறுபாதி, ஆவணமற்றோரை வேலைக்கு வைக்கும் முதலாளிகளுக்குத் தண்டனை என்பது. அது பெரும்பாலும் ஏட்டளவிலேயே நின்றுவிட்டது. போலி அட்டையைப் பார்த்து உண்மையென்று நம்பினேன் என்று சொன்னால் முதலாளி தப்பிக்க முடிந்தது. 2007இல் ஆவணமற்றோர் 1.2 கோடியைத் தாண்டினார்கள், 2023இல் 1.4 கோடி என்று பியூ ஆய்வு மையம் கணித்திருக்கிறது. ஒருமுறை கொடுத்தால் அடுத்தமுறையும் கிடைக்கும் என்று உலகம் நம்பியதன் பலன் இது. உழைப்பை அளவுகோலாக்குவது கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் அளப்பவர் யார், எதைக் கொண்டு அளப்பார் என்ற கேள்விக்கு 1986 தந்த பதில் மோசமானது.

அட்டன் பேரன் எழுதியது:

பொன்னி நாடன் ஐயா கேட்ட கேள்வி, சான்றை யார் எதைக் கொண்டு அளப்பது என்பது, என் குடும்பத்தின் வரலாற்றோடு நேரடியாகத் தொடர்புடையது என்பதால் எழுதுகிறேன். தேவையற்ற திசைதிருப்பல் என்று எவரும் கருதினால் பொறுத்துக்கொள்ள வேண்டுகிறேன்.

என் தாத்தாவும் பாட்டியும் இலங்கை மலையகத்தில் அட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் பிறந்து அங்கேயே உழைத்தவர்கள். 1948இல் இலங்கை நாடாளுமன்றம் இயற்றிய குடியுரிமைச் சட்டத்தால் மலையகத் தமிழர் நாடற்றவரானார்கள். மறுவருடம், 1949இல், விண்ணப்பித்துக் குடியுரிமை பெறலாம் என்று வேறொரு சட்டம் வந்தது. அதன் நிபந்தனைகளைப் பாருங்கள்: திருமணமானவர் ஏழு ஆண்டுகளும் ஆகாதவர் பத்து ஆண்டுகளும் இடைவிடாமல் வசித்ததைக் காட்ட வேண்டும், உறுதியான வருமானம் இருப்பதையும் காட்ட வேண்டும். அதாவது உழைப்பையும் வசிப்பையும் குடியுரிமையோடு இணைத்த சட்டம்தான் அது. அந்த நாட்டின் ஏற்றுமதி வருவாயில் பெரும்பங்கை ஈட்டித்தந்த மக்கள் அவர்கள். உழைக்கவில்லை என்று எவரும் சொல்லியிருக்க முடியாது. இருந்தும் எட்டு லட்சத்துக்கும் மேற்பட்டோருக்காகப் போடப்பட்ட விண்ணப்பங்களில் ஏறத்தாழ 1.34 லட்சம் பேருக்குத்தான் குடியுரிமை கிடைத்தது. லயம் எனப்படும் தோட்டத்து வரிசை வீடுகளில் வாழ்ந்தவர்களிடம் வாடகை ரசீது இருக்காது. பிறப்புப் பதிவு பலருக்கு இல்லை. வேலை செய்த நாட்களோ செக்ரோல் என்ற தோட்டத்து வேலைப் பதிவேட்டில்தான் இருந்தன, அது துரையின், அதாவது தோட்ட மேலாளரின், அலுவலகத்தில் இருந்தது. ராமேஸ்வரத்துக்குப் போய் உறவினரைப் பார்த்து வந்த பயணம்கூடத் தொடர்ச்சி அறுந்ததற்குச் சான்றாகக் காட்டப்பட்டது என்று தாத்தா சொல்வார்.

மீதிக் கதை உங்களுக்குத் தெரியும். 1964 சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தத்தில் 9,75,000 பேரின் எதிர்காலம் இந்திய, இலங்கை அரசுகளுக்கிடையே தலைக்கணக்காகப் பேசப்பட்டது. எஞ்சியிருந்தோருக்கு முழுத்தீர்வு கிடைக்க 2003ஆம் ஆண்டுச் சட்டம் வரை காத்திருக்க நேர்ந்தது. மோசடியைத் தடுக்கிறோம் என்று சான்றின் அளவை உயர்த்திக்கொண்டே போனால் யார் வெளியே நிற்பார்கள் என்பதற்கு நாங்கள் சாட்சி. கடிதத்தை விலைக்கு வாங்கக்கூடியவன் எப்படியும் வாங்கிவிடுவான். வெளியே நிற்பது உண்மையில் கொழுந்து பறித்தவள்தான்.

கடலூரான் எழுதியது:

அட்டன் பேரன் அவர்களின் பதிவை இரண்டு முறை படித்தேன். நன்றி.

என் அடிப்படைக் கேள்வி இன்னும் அப்படியே இருக்கிறது: ஒரே முன்வரைவில் இரு தரப்பும் இருந்தாலும், பேரம் பேசும் நேரத்தில் எந்தப் பகுதி முதலில் கைவிடப்படும்? கடந்த பல ஆண்டுகளாக நாட்டு வரம்பைத் தளர்த்தும் முயற்சிகள், பெரிய சீர்திருத்தத்தோடு சேர்ந்தே வரட்டும் என்று ஒத்திவைக்கப்பட்டு, அந்தப் பெரிய சீர்திருத்தம் வராமலே போனதைப் பார்த்தவர்கள் நாங்கள். 2013இல் செனட்டில் 68க்கு 32 என்ற வாக்குகளில் நிறைவேறிய 744ஆம் எண் முன்வரைவைப் பிரதிநிதிகள் அவை விவாதத்துக்கே எடுக்கவில்லை. தனித்தனியாகக் கொண்டுவந்திருந்தால் ஏதாவது ஒன்றாவது நிறைவேறியிருக்கும் என்பது என் கணிப்பு.

மற்றபடி, முதலாளியின் கையெழுத்து இல்லாமலே உழைப்பை நிரூபிக்கும் வழி இருக்க வேண்டும் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. நான் முன்பு வேலை செய்த நிறுவனமொன்றில், மனுவைப் புதுப்பிக்க வேண்டிய நேரத்தில் சம்பள உயர்வைப் பற்றிப் பேசவே அஞ்சினோம். மேலாளருக்கும் அது தெரிந்திருந்தது.

தில்லைச்செல்வி எழுதியது:

வைகைக்கரை அவர்களே, வரித் தாக்கலையே சான்றாகக் கொள்ளலாம் என்று நீங்கள் சொல்லப்போவதாக எனக்குத் தோன்றுகிறது. 2025 ஏப்ரலில் வரித்துறைக்கும் உள்நாட்டுப் பாதுகாப்புத் துறைக்கும் இடையே தகவல் பகிர்வு ஒப்பந்தம் போடப்பட்டதே, அதற்குப் பிறகும் அப்படிச் சொல்ல முடியுமா? முகவரியோடு தாக்கல் செய்தவரைத்தானே முதலில் தேடி வருவார்கள்?

வைகைக்கரை எழுதியது:

சகோதரியின் கேள்விதான் இந்த விவாதத்தின் மையம். பொன்னி நாடன் அவர்களுக்கும் சேர்த்தே பதில் எழுதுகிறேன்.

1986இன் விவசாயப் பிரிவில் மோசடி நடந்ததை நான் மறுக்கவில்லை. ஆனால் அது ஏன் நடந்தது என்பதைப் பார்க்க வேண்டும். இங்குள்ள பல தோட்டங்கள் தொழிலாளரை நேரடியாக வைத்துக்கொள்வதில்லை. இடையில் ஒப்பந்தக்காரர் இருக்கிறார். நம் பாட்டன்மார் காலத்துக் கங்காணியேதான் அவர். ஆள் சேர்ப்பது, வண்டியில் ஏற்றிவருவது, கூலி கொடுப்பது எல்லாம் அவர் கையில். சான்று தேவை என்று சட்டம் சொன்னதும், சான்று தரக்கூடிய ஒரே ஆளாக அவர் ஆனார். தரக்கூடியவர் விற்கவும் செய்தார். உழைப்பை அளவுகோலாக்கியதில் குற்றமில்லை; அளவுகோலைக் கங்காணியிடம் கொடுத்ததில்தான் குற்றம்.

இதற்கு மாற்றாகத் தொழிலாளி தானே திரட்டக்கூடிய சான்றுகள் பல இருக்கின்றன: வரித் தாக்கல், வாடகை, வங்கிக் கணக்கு, பிள்ளைகளின் பள்ளிப் பதிவு, மருத்துவமனைச் சீட்டு, சக தொழிலாளரின் வாக்குமூலம். இவற்றில் வரித் தாக்கல் வலுவானது. ஏனெனில் அது காலவரிசைப்படி அரசிடமே பதிவாகியிருப்பது, பின்தேதியிட்டு எழுத முடியாதது. பராமரிப்பில் இருக்கும் மனைவியின் பெயரும் பிள்ளைகளின் பெயரும் அதே கூட்டுத் தாக்கலில் இருக்கின்றன என்பதால், சகோதரி எழுப்பிய குறைக்கும் அது ஓரளவு தீர்வாகும்.

ஆனால் அந்த ஏப்ரல் ஒப்பந்தம் இதன் அடித்தளத்தையே அசைத்துவிட்டது. வரித்துறையின் தகவல்களை இரகசியமாகக் காக்க வேண்டும் என்று சட்டம் இருந்தும், நாடு கடத்தும் பணிக்கு முகவரிகளைக் கேட்டுப்பெற வழி செய்யப்பட்டது. வரித்துறையின் அப்போதைய தற்காலிக ஆணையர் பதவி விலகினார், வழக்குகள் நடந்தன. நீதிமன்றங்களில் எது எப்படி முடிந்தாலும், எங்கள் மையத்துக்கு வருகிறவர்களின் முகத்தில் அதன் விளைவைக் காண முடிகிறது. பிளாஸ்டிக் உறையோடு வந்த ஒரு பெண்மணி, இந்த ஆண்டு தாக்கல் செய்வது எனக்கு நல்லதா கெட்டதா என்று கேட்டார். வழக்கறிஞரைப் பாருங்கள் என்பதைத் தவிர வேறெதையும் என்னால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. சட்டம் கேட்டதைச் செய்ததற்காக ஒருவர் அஞ்ச வேண்டிய நிலை வந்துவிட்டால், எந்தச் சீர்திருத்தத்தாலும் அந்த நம்பிக்கையை எளிதில் திரும்பப் பெற முடியாது.

இந்த இடத்தில்தான் 1986ஆம் ஆண்டுச் சட்டத்திடமிருந்து எடுத்துக்கொள்ள வேண்டிய ஒன்று இருக்கிறது. விண்ணப்பத்தில் தரப்படும் தகவலை விண்ணப்பதாரரை நாடு கடத்துவதற்குப் பயன்படுத்தக் கூடாது என்று அதில் தெளிவாக எழுதியிருந்தார்கள். அது இருந்ததால்தான் அத்தனை பேர் துணிந்து முன்வந்தார்கள். இன்றைக்கு அந்தப் பாதுகாப்பு விண்ணப்பத்துக்கு மட்டும் இருந்தால் போதாது. முந்தைய ஆண்டுகளின் வரிப் பதிவுகளுக்கும் நீள வேண்டும். வேறொருவரின் சோஷியல் செக்யூரிட்டி எண்ணில் வேலை செய்தவர்களின் நிலை இன்னும் கடினமானது: அவர்கள் கட்டிய பணம் பெயரோடு பொருந்தாததால், உரியவர் தெரியாத கணக்கில் தேங்கிக் கிடக்கிறது. அது என் உழைப்பு என்று சொல்ல முன்வந்தால், கூடவே ஒரு குற்றத்தையும் ஒப்புக்கொண்டதாகிவிடும். அவர்கள் வேலைக்காக அந்த எண்ணைப் பயன்படுத்தியதை மட்டும் குற்றமாகக் கருதுவதில்லை என்று சட்டம் எழுதப்பட வேண்டும்.

பாதையின் முடிவைப் பற்றியும் சொல்ல வேண்டும். பிரதிநிதிகள் அவையில் 2019 டிசம்பரிலும் 2021 மார்ச்சிலும் இருமுறை நிறைவேறி, சட்டமாகாமல் நின்றுபோன விவசாயத் தொழிலாளர் முன்வரைவு ஒன்று உண்டு. இரண்டு ஆண்டுகளில் 180 நாள் வயல்வேலை செய்தவருக்கு முதற்கட்ட அனுமதி கிடைக்கும். பத்தாண்டுகளுக்கு மேல் இங்கே வயலில் உழைத்தவர் இன்னும் நான்கு ஆண்டுகளும், அதற்குக் குறைவாக உழைத்தவர் எட்டு ஆண்டுகளும் ஆண்டுக்கு 100 நாள் வீதம் உழைத்து, 1,000 டாலர் அபராதம் கட்டினால் கிரீன் கார்டு பெறலாம். எட்டு ஆண்டுகள் ஒரே துறையில் கட்டிப்போடுவது எனக்கு ஒப்புதல் இல்லை. முதுகு ஒடியும் வேலையில் எட்டு ஆண்டுகள் என்பது சிறிய காலமல்ல. இருந்தாலும் அதற்கு ஒரு முடிவு இருந்தது. டிக்னிட்டி முன்வரைவிலோ, 7,000 டாலர் கட்டி முடித்தபின்னும் ஒருவர் வாக்குரிமை இல்லாதவராக, புதுப்பித்துக்கொண்டே இருக்க வேண்டியவராக வாழ்நாள் முழுவதும் இருப்பார். பயிர்த் தொழிலாளரில் 42 விழுக்காட்டினர் வேலை அனுமதி இல்லாதவர்கள் என்று 2020 முதல் 2022 வரை நடந்த கூட்டரசின் கணக்கெடுப்பே காட்டுகிறது. 2020 மார்ச்சில் பெருந்தொற்று வந்தபோது இவர்களை இன்றியமையாத பணியாளர்கள் என்று அதே அரசு அறிவித்தது; காவலர் நிறுத்தினால் காட்டுவதற்கு முதலாளிகள் கடிதம் கொடுத்து அனுப்பினார்கள். நாட்டுக்கு இன்றியமையாதவர் என்று ஒருமுறை எழுதிக் கொடுத்துவிட்ட பிறகு, குடியுரிமைக்கு மட்டும் தகுதியற்றவர் என்று எந்த அடிப்படையில் சொல்வது?

கடலூரான் அவர்களின் கணிப்பு, தனித்தனியாகக் கொண்டுவந்தால் ஏதாவது நிறைவேறும் என்பது, உண்மையாக இருக்கலாம். நாட்டு வரம்பைத் தளர்த்தும் முன்வரைவு நாளை தனியாக வாக்கெடுப்புக்கு வந்தால் நான் என் பகுதி உறுப்பினருக்கு ஆதரவுக் கடிதம் எழுதுவேன். தோட்டத் தொழிலாளருக்கான முன்வரைவு தனியாக வரும் நாளில் அவரும் எழுத வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

பொன்னி நாடன் எழுதியது:

விரிவான பதிலுக்கு நன்றி. கங்காணியின் கையில் சான்று இருக்கக் கூடாது என்பதையும், வரித் தாக்கலைப் பின்தேதியிட முடியாது என்பதையும் ஏற்கிறேன். ஆனால் முதலாளிகள் மீதான சட்டம் உண்மையாகவே நடைமுறைக்கு வந்து, சில ஆண்டுகள் செயல்பட்டதைப் பார்த்த பிறகே வசிப்புரிமை பற்றிப் பேச வேண்டும் என்ற என் நிலைப்பாட்டில் மாற்றமில்லை. ஈ-வெரிஃபை கட்டாயமாகட்டும்; கையில் காசு கொடுத்து வேலை வாங்கும் தோட்டங்கள் முதலில் தண்டிக்கப்படட்டும்.

வைகைக்கரை எழுதியது:

வசிப்புரிமை வருவதற்கு முன்பே ஈ-வெரிஃபை கட்டாயமானால், பதிவேட்டில் இருக்கும் வேலைகளிலிருந்து அவர்கள் வெளியேற்றப்படுவார்கள். கையில் காசு கொடுக்கும் ஒப்பந்தக்காரரிடம்தான் போய்ச் சேருவார்கள். அப்போது வரித் தாக்கலும் நின்றுபோகும், சில ஆண்டுகளுக்குப் பிறகு காட்டுவதற்குச் சான்றும் இருக்காது. இரண்டும் ஒரே நாளில் தொடங்க வேண்டும் என்று நான் சொல்வதற்கு அதுவே காரணம். இந்தப் புள்ளியில் உங்கள் மறுப்பை எண்களோடு எழுதினால் அதற்குத் தனியாகப் பதில் எழுதுகிறேன்.